இங்கே உடையும், உடையட்டும்

நீ உன் ஹார்னை எடைக்குப் போட்டுவிட்டாய்.

ஓட்டைக் குடம், மூக்கு உடைந்த கூஜா, உன் அப்பாவின் வெற்றிலைச் செல்லம் எல்லாவற்றோடும் நீ ஊதிய அந்த வாத்தியத்தையும் ஒரே சாக்கில் கட்டி, உன் பெரியப்பாவின் பாத்திரக்கடைத் தராசில் ஏற்றிவிட்டாய். அந்த எடைக்குப் பதிலாக உன் கல்யாண மேடைக்கு ஒரு ஜோடி குத்துவிளக்கு எடுத்து வைத்திருக்கிறாய். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. நல்ல செய்தி சொல்வதுபோல உன் பெரியப்பாதான் போனில் சொன்னார். "ஏம்மா, உம் மவனுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. அந்த எச்சிக் கொம்ப அவனே கொண்டாந்து போட்டுட்டான். ரெண்டு கிலோவுக்கு மேல நின்னுச்சு. நல்ல பித்தளை." நான் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸைப் பிடித்துக் கடைக்கு வந்தபோது நீ அங்கே இல்லை, வீரசோழன் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருந்தாய். பழைய பித்தளையை எடை போட்டதும் கட்டையால் அடித்து நசுக்கிவிடுவது அந்தக் கடையின் வழக்கம் என்று உனக்குத் தெரியும், நீயே அங்கே வேலை பார்க்கிறவன். சாக்கில் அடங்க வேண்டும், போட்டவர் மனசு மாறித் திரும்பக் கேட்கவும் கூடாது. ஹார்னின் அகன்ற வாய் அப்பளம்போலத் தட்டையாகிக் கிடந்தது. சுருள் குழாய்கள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன.

"அத்தான், அத எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன். "எதுக்கு? நீ ஊதப் போறியா?" என்று கேட்டார் உன் பெரியப்பா. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு அண்டா பார்க்க வந்த ஒரு குடும்பமும் காரணம் தெரியாமலேயே கூடச் சேர்ந்து சிரித்தது. மறுநாள், என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் அதே தராசில் வைத்துவிட்டு, நசுங்கிய ஹார்னை எடுத்து வந்தேன். அண்டா கனம் அதிகம். மிச்ச எடையை அவர் வைத்துக்கொள்ளட்டும்.

இதுவரை உன் குற்றம். இனி சொல்லப்போவது என்னுடையது. நம் இரண்டு பேருக்கும் இடையில் பத்து நிமிட பஸ் தூரம்தான், ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாய், நேரில் சொல்ல வேண்டியதுதானே என்று நீ நினைக்கலாம். நேரில் சொன்னால் நான் வெட்டிவிடுவேன். பதினைந்து வருடமாக என் தொழில் அது. எங்கே இருமல், எங்கே தடுமாற்றம், எந்தச் சொல் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டு, வழுவழுவென்று ஒன்றைத் தருவேன். அதனால் பேனாவால் எழுதுகிறேன். அடித்த இடம் அடித்தபடியே கிடக்கும். உன் கல்யாணப் பத்திரிகை போன வீடுகளுக்கெல்லாம் இதன் நகலும் போகும். "அவனுக்கு ஊத வரல, அதான் விட்டுட்டான்" என்று அந்த வீடுகளில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

உன் அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. அவர் வைத்திருந்த மைக் செட்டைப் பெண்பிள்ளை நடத்த முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்பீக்கர்களைக் கொடுத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, சுவரில் பழைய மெத்தையை அடித்து, நான் ரெக்கார்டிங் கடை போட்டேன். ஆட்டோவில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் அறிவிப்பெல்லாம் என் குரல்தான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை, குடிநீர் வராத நாள், சாவு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை என் குரலைக் கேட்காத தெரு கிடையாது. என் முகத்தைப் பார்த்து நல்ல காரியத்துக்குக் கிளம்பமாட்டேன் என்கிற வீடுகளுக்குள்ளும் என் குரல் போய்வந்துகொண்டுதான் இருந்தது.

உனக்குப் பன்னிரண்டு வயதில், திருச்சுழிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சாவு அறிவிப்புக்கு வந்தார்கள். இறந்தவர் மிலிட்டரி பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், காலனிக்காரர். "முன்னாள் ராணுவ வீரர்" என்று தொடங்கி அவர் பெயரைச் சொல்லி "அவர்கள்" என்று முடித்துப் பதிவு செய்தேன். ஆட்டோ கிளம்புவதற்குள் அதே ஊரின் மேலத்தெருவிலிருந்து ஒருவர் புல்லட்டில் வந்து இறங்கினார். நிலபுலன் உள்ளவர், நம் கடைக்கு வருடா வருடம் கோயில் கொடை வேலை கொடுக்கிறவர். உட்காரக்கூட இல்லை. "வண்டி எங்க தெரு வழியாத்தான வரும்? அந்த 'அவர்கள்' எங்களுக்கு வேணாம். உங்க வாயால எங்க வீட்டு வாசல்ல வந்து அவனுக்கு மரியாத குடுக்காதீங்க. பேரு போதும்" என்றார். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். "ஏன், செத்தவரு பெரியவருதானே?" என்று கேட்டாய். நான் மேசைக்குக் கீழே உன் தொடையைக் கிள்ளினேன். நினைவிருக்கிறதா? அவர் போனதும் அந்தச் சொல்லை வெட்டி இரண்டாவது ஃபைல் ஒன்று செய்தேன். காலனிக்கு ஒன்று, மேலத்தெருவுக்கு ஒன்று. டிரைவரிடம் எந்த முக்கில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். வெட்டு தெரியாமல் வெட்டினேன் என்று அப்போது பெருமைகூட இருந்தது.

அது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பதினாறாம் நாள் கழிந்து அவர் மனைவி ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி நிறைய கேசட்டுகள். கையில் துணியில் சுற்றிய அந்த ஹார்ன். "இதெல்லாம் அவுக கேக்கிற பாட்டும்மா. டேப்பு கெட்டுப்போச்சு. பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்க, மவ வீட்டு டிவியில போட்டுக் கேப்பேன்" என்றார். கிளம்பும்போது, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "எங்க தெருவுல 'அவர்களா' இருந்தாரு. மேலத்தெரு திரும்பயில வெறும் ஆளாயிட்டாரு. எழவு வீட்டுல உக்காந்திருந்தேன்ல, அங்க வரைக்கும் கேட்டுச்சு." நான் கேசட்டுகளை எண்ணி, எவ்வளவு ஆகும் என்று கணக்குச் சொன்னேன். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமென்றால் அது ஓடுகிற நேரம் முழுவதும் ஓட்டித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. எனக்கு நேரமில்லை, அந்த வேலையை உன்னிடம் கொடுத்தேன். அப்படித்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம், நாற்பது கேசட்டை நீ கேட்டாய். எல்லாமே வெளிநாட்டு இசை, ஹார்னுக்கென்றே எழுதிய கான்செர்டோக்கள். ஒரு பக்கம் பெரிய வாத்தியக் கூட்டம், எதிரே ஒற்றை ஆள் ஹார்னோடு நிற்பார், கூட்டம் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல என்று போகும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே பாட்டு ஒன்பது கேசட்டில் இருந்தது. "எதுக்குடா ஒண்ணையே ஒம்பது தடவ ஏத்துற, ஒண்ணு போதும், மிச்சத்தைக் காப்பி பண்ணு" என்றேன். "ஊதுறது வேற வேற ஆளும்மா. ஒவ்வொருத்தர் மூச்சும் வேற" என்றாய். ஒருவர் மெதுவான பகுதியைத் தூங்கவைப்பதுபோல ஊதுகிறார், இன்னொருவர் அதே இடத்தில் கோபமாக இருக்கிறார் என்று எனக்குப் போட்டுக் காட்டினாய். பக்கத்து மில்லுக்கு மாவு அரைக்க வந்தவர்கள் நம் கடை வாசலில் நின்று, "என்னக்கா, யாரு வீட்டு மாடு கத்துது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள் மதியம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, அந்த மெதுவான பகுதி ஓடியது. கருவேலங்காட்டுக்கு அப்பாலிருந்து யாரோ என்னை என் சின்ன வயசுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை.

நீ எங்கெங்கோ தேடிப் படித்து எனக்குக் கதை சொல்வாய். அந்த ஒன்பது கேசட்டிலும் இருந்த பாட்டை எழுதியவருக்கு ஹார்ன் ஊதும் நண்பர் ஒருவர் இருந்தாராம். நண்பருக்காகவே எழுதியதாம். ஆனால் எழுதும்போது நோட்டின் ஓரத்தில் கழுதை, முட்டாள் என்று அவரைக் கேலி செய்தும் எழுதி வைப்பாராம். "அந்த நண்பரு பாலாடைக்கட்டிக் கடை வச்சிருந்தாருன்னு சொல்றாங்கம்மா. நம்மளாட்டம் கடைக்காரரு" என்றாய். "அப்ப அங்கயும் ஊதுறவனுக்குக் கிண்டல்தானா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதற்குப் பிறகு மிகக் குறைவு. எழுதியவர் பெயர் உலகத்துக்கே தெரிகிறது, யாருடைய மூச்சுக்காக எழுதினாரோ அவர் ஒரு வேடிக்கைக் கதையாக மட்டும் மிஞ்சியிருக்கிறார். இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை.

அந்தப் பெட்டியில் ஒரு கேசட் மேடையில் ஊதியபோது பதிவானது. கூட்டத்தின் இருமல்கூடக் கேட்கும். மெதுவான பகுதி முடியும் தறுவாயில் ஹார்ன் ஒரு மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது ஒலி இரண்டாகப் பிளந்துவிடும். நான் டேப் கோளாறு என்று நினைத்து, வேறொரு கேசட்டிலிருந்து அந்த இடத்தை எடுத்து ஒட்டி, சுத்தமாக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். அவ்வளவு கோபமாக நீ என்னிடம் பேசியதில்லை. "அது டேப் இல்லம்மா. அது அந்த மனுசன். இந்த வாத்தியத்துல எவ்ளோ பெரிய ஆளுக்கும் அங்க உடையும்" என்று சொல்லிவிட்டு, கேசட் உறைக்குள் இருந்த அட்டையை எடுத்து என் முன்னால் போட்டாய். மிலிட்டரிக்காரர் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்: 'இங்கே உடையும். உடையட்டும்.' நான் மறுபடி பழையபடியே ஏற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா பென்டிரைவை வாங்கிக்கொண்டு, ஹார்னையும் கேசட் பெட்டியையும் உன்னிடமே கொடுத்துவிட்டார். "எங்க வீட்டுல ஊத ஆளில்ல. தம்பி ஊதட்டும்" என்றார். ஆக, எனக்கு முன்னமே சொல்லப்பட்டது. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

உனக்குச் சொல்லித்தர இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த நாற்பது கேசட்டும் போனில் பார்த்த வீடியோவும்தான் உன் வாத்தியார்கள். ஒரு வரியை ஓட்டி நிறுத்துவாய், ஊதுவாய், மறுபடி ஓட்டுவாய். ஏழு வருடம். ஊதி முடித்ததும் குழாயில் சேர்ந்த ஈரத்தைத் தட்டிக் கொட்டுவாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் உன் பெரியப்பா வீட்டில் உனக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். "கல்லாவுல உக்கார வேண்டிய பய, வாயில எச்சி ஒழுக நிக்கிறான். நாளைக்கு எழவு வீட்டுல ஊதப் போவியாலே?" என்று உன் பெரியப்பா நடுவீட்டில் கேட்டார். ஊதுகிறவன் எச்சில், அடிக்கிறவன் தீட்டு, கேட்கிறவன் மட்டும் சுத்தம். பித்தளையை விற்கலாம், வாயில் வைக்கக் கூடாது. அன்றைக்கு நான் எழுந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும். அந்தத் தனி டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். உன் கல்லூரிச் சேர்க்கைக்கு அவர் உதவி தேவைப்பட்டது.

அந்த வெளிநாட்டு இசைக் கல்லூரியின் உதவித்தொகையை நீயேதான் கண்டுபிடித்தாய். முதல் சுற்றுக்கு வெறும் ஒலிப்பதிவு போதும். ஆனால் ஒரே மூச்சில் ஊதியதாக இருக்க வேண்டும், எந்த வெட்டும் ஒட்டும் கூடாது என்று விதி. நம் மெத்தைச் சுவர் அறைக்குள் அந்த ஒன்பது கேசட் பாட்டையே ஊதினாய். பக்கத்து மாவு மில் ஓடும், பஸ் கத்தும், கரண்ட் போகும். ஏழு தடவை எடுத்தோம். ஏழாவது தடவை மில் நின்றிருந்தது. நீ ஊதியதை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். உன் கழுத்து நரம்பு, மூடிய கண், ஹார்னின் வாய்க்குள் விட்ட வலது கை. மெதுவான பகுதியின் முடிவில் அதே இடத்தில் ஒலி பிளந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். "இதான்மா. இதையே அனுப்புவோம்" என்றாய்.

அன்றைக்குத்தான் கடைசி நாள், வருமானச் சான்றிதழும் சேர்த்து அனுப்ப வேண்டும். நம் பூர்வீகம் திருச்சுழித் தாலுகா என்பதால் நீ அங்கே தாலுகா ஆபீசுக்கு ஓடினாய். மூன்றாவது முறையாக. அங்கே மேசையில் இருந்தவர் உன் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "எதுக்கு? கொம்பு ஊதவா? அதுக்கு எதுக்குப்பா வெளிநாடு, இங்கனயே சாவு விழாதா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனாராம். நீ வரும்வரை நான் தனியாக உட்கார்ந்து ஏழாவது டேக்கைக் கேட்டேன். ஒரு தடவை, இரண்டு தடவை. அந்தப் பிளவு வரும்போதெல்லாம் உன் பெரியப்பா சிரிப்பது எனக்குக் கேட்டது. புல்லட்டில் வந்தவர் குரல் கேட்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிவிட்டு, அடுத்தது என்று சொல்வது கேட்டது. ஐந்தாவது டேக்கில் அந்த ஸ்வரம் சுத்தமாக விழுந்திருந்தது. அதை வெட்டி எடுத்து ஏழாவதில் ஒட்டினேன். ஒரு நொடிகூட இருக்காது. அதே பெயரில் சேமித்தேன். நீ வேர்த்து வடிய வந்தாய், சான்றிதழைச் சேர்த்தாய், கேட்டுப் பார்க்காமலேயே அனுப்பினாய். அம்மாவின் கடையில் இருக்கும் ஃபைலை எதற்குக் கேட்டுப் பார்க்க வேண்டும்?

ஒரு மாதம் கழித்து "கெடைக்கலம்மா" என்று மட்டும் சொன்னாய். அடுத்த வாரம் பெரியப்பா கடையில் வேலைக்குச் சேர்ந்தாய், அந்தக் கடையின் மாடியறைக்கே குடியும் போய்விட்டாய். நான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கத்தினேன். நம் பிள்ளைகளை அவன் எடுப்பானா, கருப்புத்தோல், கரிசக்காட்டு ஊர், தகுதி எல்லாம் அவனுக்கு ஒரு சாக்கு என்று ஐந்து வருடமாகத் திட்டினேன். நீ ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. உலகத்தின் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி நியாயமானது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் உன் விஷயத்தில் அந்தக் கோபத்துக்கு விலாசம் தவறு.

நசுங்கிய ஹார்னை எடுத்து வந்த அன்று, உன் ஏழாவது டேக்கையாவது கேட்போம் என்று பழைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். உன் மெயில் அப்படியே திறந்து கிடந்தது. படித்தேன். பிள்ளையின் கடிதத்தைப் படிப்பது தப்பு, அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள். போனில் மொழிபெயர்த்துப் புரிந்துகொண்டேன். உன் வாசிப்பு அவர்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டாம் பகுதியின் முடிவில், ஒரே ஒரு ஸ்வரத்துக்கு அடியில் மட்டும் ஏதோ இயந்திரம் ஓடும் ஒலி வந்து உடனே நின்றுவிடுகிறது, அது எப்படி என்று கேட்டிருந்தார்கள். பதிவைத் திருத்தியது யார், உங்களுக்குத் தெரிந்து நடந்ததா, விளக்கினால் பரிசீலிக்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். மாவு மில். ஐந்தாவது டேக்கில் மில் ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய ஹெட்போனில் அந்த அடி ஒலி கேட்காது. பதிலுக்கு நீ எழுதியது ஒரே வரி. 'திருத்தியது நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை, மன்னிக்கவும்.' அதற்குமேல் அவர்கள் எழுத என்ன இருக்கிறது? இனி விண்ணப்பிக்கவே கூடாது என்று முடித்துவிட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். மெயிலைப் படித்த நொடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். 'என் அம்மா செய்தார், எனக்குத் தெரியாது' என்று எழுதியிருந்தால் போதும். ஏன் எழுதவில்லை என்று நாலு நாளாக யோசிக்கிறேன். என்னைக் காப்பாற்றினாய் என்று ஊர் சொல்லும், நல்ல பிள்ளை என்று சொல்லும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் மேசைக்குக் கீழே நான் கிள்ளிய இடத்திலேயே நீ நின்றுவிட்டாய். பெரியவர்கள் செய்யும்போது வாயை மூடு என்று நான் கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறாய். இதில் என்ன நல்லது இருக்கிறது? எனக்காக நீ பொய் சொன்னாய், அந்தப் பொய் உன்னைத் தராசுக்குக் கொண்டுவந்திருக்கிறது. கேசட்டெல்லாம் இன்னும் இருக்கின்றன. உன் ஏழாவது டேக் இல்லை. அதே பெயரில் சேமித்தேன் என்றேனே, நீ நிஜமாக ஊதியது அத்தோடு அழிந்துவிட்டது. நான் ஒட்டியதுதான் மிச்சம்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வரப்போகிற பெண் பேசும்போது அவள் தடுமாறினால் குறுக்கே போய் எடுத்துக்கொடுக்காதே. அவள் தப்பு செய்தால் அவள் முகத்துக்கு நேரே சொல், மூடி மறைத்துத் தியாகி ஆகாதே. நாளைக்கு அவள் சோற்றைக் குறை சொல்லப்போகிற உன் பெரியப்பா வீட்டில் உன் டம்ளரை நீ கழுவி வைக்காதே. அந்தக் குத்துவிளக்கை நான் ஏற்றமாட்டேன். எப்படியும் என்னை ஏற்றச் சொல்லப்போவதில்லை, தாலி இல்லாதவள் மேடைக்குக் கீழேதான். ஆனால் சொன்னாலும் ஏற்றமாட்டேன். அது உன் மூச்சின் எடைக்கு வந்த விளக்கு.

நசுங்கிய ஹார்ன் என் மேசைமேல், மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்து வந்ததும் ஒவ்வொரு பாகமாகத் துடைத்தேன். விரலால் அழுத்தும் மூன்று கட்டைகளும் இருந்தன, குழாய்கள் இருந்தன. வாயில் வைத்து ஊதும் அந்தச் சின்னக் குப்பி, மௌத்பீஸ், இல்லை. கடையில் சாக்கைக் கொட்டித் தேடச் சொன்னேன். "தம்பி கொண்டாரயிலயே அது இல்லக்கா" என்று எடை போடுகிறவர் சொன்னார். ஆக, அதை நீ தராசில் வைக்கவில்லை. உன் சட்டைப் பையிலோ தலையணைக்கு அடியிலோ இருக்கிறது. எனக்கு அது போதாது. அந்தக் கல்லூரிக்கு நானே எழுதிவிட்டேன், வெட்டியது நான் என்று, எனக்கு வந்த ஆங்கிலத்தில். அவர்கள் பதில் போடலாம், போடாமலும் இருக்கலாம். அது எனக்கு இரண்டாம் பட்சம்.

எனக்கு வேண்டியது உன்னிடமிருந்து. இந்த ஞாயிற்றுக்கிழமை வா. சோறு கிடையாது, உலை வைக்கமாட்டேன். நேரே கடைக்கு வா. மெத்தை அறைக்குள் மைக் முன்னால் நில். சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பேன், மௌஸைத் தொடமாட்டேன். என் முகத்தைப் பார்த்து, "நீதாம்மா கெடுத்த" என்று சொல். குரல் உடைந்தால் உடையட்டும். சொல், ஐயா. ஒரே ஒரு தடவை சொல்.